வெயிலில் பழுதான டிஎன்ஏவைச் சீராக்கும் நொதிகள்: எதை, எப்போது பூசுவது?

வெயிலின் புற ஊதாக் கதிர் தோல் செல்லின் டிஎன்ஏவைத் தாக்கும்போது, டிஎன்ஏவின் எழுத்துகளான தைமின்களில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அந்த ஒட்டைப் பிரித்துவிடும் ஃபோட்டோலயேஸ் என்னும் நொதி பல பாக்டீரியாக்களுக்கும் தாவரங்களுக்கும், ஏன், கங்காரு இனத்துக்கும்கூட உண்டு, மனிதருக்கு இல்லை. நம் செல்கள் பழுதான துண்டை வெட்டியெடுத்துப் புதிதாக நிரப்பும் நீண்ட வழியையே நம்பியிருக்கின்றன. இந்தக் குறையை ஈடுசெய்யத்தான், லிப்போசோம் எனப்படும் நுண்ணிய கொழுப்பு உறைகளில் நொதியை அடைத்து, கிரீமாகவும் சீரமாகவும் விற்கிறார்கள்.

வாங்கும்போது பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடியெழுத்தைப் படியுங்கள். இத்தகைய கிரீம்களில் 'பிளாங்க்டன் எக்ஸ்ட்ராக்ட்' என்றிருப்பது பெரும்பாலும் ஃபோட்டோலயேஸ். 'மைக்ரோகாக்கஸ் லைசேட்' என்றிருப்பது எண்டோநியூக்ளியேஸ் என்னும் வேறொரு நொதி; இது பழுதான இடத்தில் டிஎன்ஏவை வெட்டி, நம் செல்லின் அந்த நீண்ட வழியைத் தொடங்கிவைக்கிறது.

பூசும் நேரத்தை இந்தப் பெயரே தீர்மானிக்கிறது. ஃபோட்டோலயேஸ் நீல ஒளி பட்டால்தான் இயங்கும் என்பதால், அதை இரவில் பூசிக்கொண்டு விளக்கை அணைத்துப் படுப்பது காசுக்குக் கேடு. காலையில் முகம் கழுவியதும் அதைப் பூசி, உலர்ந்த பின் சன்ஸ்கிரீனை ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகத்திலும் கழுத்திலும் தடவி, வெளியில் இருக்கும்வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீனை மட்டும் மறுபடி பூசுங்கள். எண்டோநியூக்ளியேஸுக்கு ஒளி தேவையில்லை. வெயிலில் அலைந்து திரும்பிய நாளின் இரவுக்கு அதுவே பொருத்தம். இரண்டுமே புரதங்கள் என்பதால் குப்பியைச் சன்னலோரத்திலோ வெயிலில் நிற்கும் காரிலோ வைக்கக் கூடாது.

பலன் எவ்வளவு? டிஎன்ஏ பழுதைச் சீராக்கும் திறன் பிறவியிலேயே குன்றிய சீரோடெர்மா பிக்மென்டோசம் நோயாளிகள் 30 பேரைக் கொண்டு நடத்தி 2001இல் வெளியான ஆய்வில், எண்டோநியூக்ளியேஸ் லோஷனை ஓராண்டு பூசியவர்களுக்குப் புற்றுநோய்க்கு முந்தைய சொரசொரப்புத் திட்டுகள், போலி லோஷன் பூசியவர்களைவிட 68 சதவீதம் குறைவாகத் தோன்றின. நல்ல தோலுக்கும் அதே பலன் கிட்டும் என்று இதைக்கொண்டு சொல்லிவிட முடியாது. கையிருப்பு ஒன்றுக்குத்தான் போதுமென்றால் சன்ஸ்கிரீனையே வாங்குங்கள். ஆறாத புண்ணோ உருமாறும் மச்சமோ இருந்தால், எந்தக் குப்பியையும் திறக்குமுன் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.