தண்ணீருக்கடியில் கார் கிடந்தால் செய்யக் கூடாதவை

பவானிசாகரில் தண்ணீர் நன்றாக இறங்கும் வருடங்களில் டணாய்க்கன்கோட்டை மாதவராயப் பெருமாள் கோயில் வெளியே தலைகாட்டும், பார்க்கக் கூட்டமும் கூடும். கார் அப்படி வெளியே வருவது அபூர்வம். வாய்க்காலிலோ, கைவிட்ட பாறைக்குழியிலோ, அணைச் சேற்றிலோ இறங்கிய வண்டி, யாராவது ஸ்கூபா சிலிண்டரைக் கட்டிக்கொண்டு போய் அதன்மேல் முட்டும்வரை கிடந்த இடத்திலேயே கிடக்கும். நீட்டிய கை சரியாகத் தெரியாத கலங்கலில் திடீரென்று ஒரு கார்க் கண்ணாடி தட்டுப்பட்டால் யாருக்கும் நெஞ்சு படபடக்கத்தான் செய்யும். தவறுகளும் அங்கேதான் ஆரம்பிக்கின்றன.

முதலில் மறந்துபோவது காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள்ளை. பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மேலே செலவாவதைப் போல இரண்டு மடங்கு காற்றைத் தின்னும். இருபது மீட்டரில் மூன்று மடங்கு. பதற்றத்தில் மூச்சும் வேகமாகும். வண்டி எங்கேயும் ஓடிப்போகாது. நின்று, முள்ளைப் பார்த்து, கூட வந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா என்று உறுதி செய்துகொண்டு, அப்புறம் வண்டியைப் பாருங்கள்.

கதவைத் திறப்பதும், ஜன்னல் வழியே தலையை நுழைப்பதும்தான் என் கணக்கில் மிக மோசமான தவறு. உள்ளே வருடக்கணக்கில் படிந்த வண்டல், காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை பட்டாலே எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். தலைக்குமேல் கூரை இருப்பதால் நேராக மேலே போகவும் வழியில்லை. மூழ்கிய கப்பலுக்குள் போக ஏன் தனிப் பயிற்சி வைத்திருக்கிறார்கள் என்றால் இதனால்தான். காருக்குள் திரும்பக்கூட இடம் இருக்காது. சீட் பெல்ட், அறுந்த ஒயர், துருப்பிடித்த தகடு, இவற்றோடு மீன்பிடி வலை வேறு. அணையில் அறுந்துபோன நரம்பு வலை சிக்கிக்கொள்ள இதைவிட வசதியான இடம் ஏது? வலை வெட்டும் சிறு கத்தி இல்லாமல் வண்டியை நெருங்கவே வேண்டாம். உள்ளே ஜிலேபி மீன் குடியிருக்கும், அது இருந்துவிட்டுப் போகட்டும்.

நம்மூர்க்காரர்கள் பெரும்பாலும் புதுச்சேரியிலோ அந்தமானிலோ கற்றுக்கொண்டு வருகிறவர்கள். கீழே இறங்குவதற்காகக் கடலில் இடுப்பில் கட்டிய அதே ஈய எடையை இங்கேயும் கட்டுவார்கள். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைப்போல ஆளைத் தூக்கிப் பிடிக்காது; எடையைக் குறைக்காவிட்டால் நேரே சேற்றில் போய் உட்கார வேண்டியதுதான். உயரமும் ஒரு சங்கதி. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 300 மீட்டரைத் தாண்டிவிட்டாலே மலைப்பகுதி முக்குளிப்பு விதிகளைப் பார்க்க வேண்டும். கடல் கணக்கு அங்கே செல்லாது.

அதைவிட ஆபத்தானது, முக்குளித்து முடித்த கையோடு ஆளியாறிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கோ, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்கோ போவது. வால்பாறை மூவாயிரம் அடிக்கு மேல், ஊட்டி ஏழாயிரத்துக்கும் மேல். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், காற்றழுத்தம் குறையும்போது குமிழியாகிவிடும். விமானம் ஏறுவதற்குச் சொல்லும் இடைவெளியையே இங்கேயும் வைத்துக்கொள்ளுங்கள்: ஒருமுறை இறங்கியிருந்தால் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை என்றால் 18. போண்டாவும் டீயும் கீழேயே கிடைக்கும்.

இடத்தைக் குறிப்பதிலும் கோட்டைவிடுகிறார்கள். வண்டியின்மேல் நின்றபடி காம்பஸைப் பார்த்தால் அது இரும்பின் பக்கம் இழுத்துப் பொய் திசை காட்டும். சில மீட்டர் தள்ளி வந்து பாருங்கள். மிதவைக் கயிற்றைக் கதவுக் கைப்பிடியில் கட்டாமல் பக்கத்தில் ஒரு கல்லில் கட்டுங்கள். மேலே ஐந்து லிட்டர் காலி கேன் போதும்.

கரைக்கு வந்தால் அடுத்த சோதனை. “ஏனுங்க தம்பி, நம்ம டிராக்டர் நிக்குது, கட்டி இழுத்துப் போட்டரலாமுங்க” என்று யாராவது ஓர் அண்ணன் ஆசையாகக் கேட்பார். கும்பிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கன மீட்டர் தண்ணீரே ஒரு டன். அதோடு சேறும் நிரம்பிய காரை இழுக்கும்போது கம்பிக்கயிறு அறுந்தால் எதிரே நிற்கிறவர் கதி என்ன? காற்றுப்பை கட்டித் தூக்கலாம் என்பவர்களுக்கும் இதே பதில்தான். பத்து மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் பைக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காகும். வேகம் பிடித்த வண்டியை அப்புறம் யாரும் நிறுத்த முடியாது.

அது திருட்டு வண்டியாக இருக்கலாம், இன்சூரன்ஸுக்காகத் தள்ளிவிட்டதாக இருக்கலாம், உள்ளே ஆளும் இருக்கலாம். அதனால் டேஷ்போர்டிலிருந்து ஒரு பொம்மையைக்கூட எடுக்காதீர்கள். TN எண் தெரியும் படத்தை வாட்ஸப்பில் போடுவது அதைவிடக் கொடுமை. TN 33 என்று பார்த்ததும், ஈரோட்டில் மகனைத் தேடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று யோசியுங்கள். 112-க்குச் சொல்லுங்கள். தூக்கும் வேலை போலீசும் தீயணைப்பு மீட்புத் துறையும் பார்த்துக்கொள்ளும். உடல் இருந்தால், 2024 ஜூலை 1 முதல் பிஎன்எஸ்எஸ் என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 194-ஆவது பிரிவில் விசாரணை நடக்கும். முன்பு பழைய சட்டத்தில் நாம் 174 என்று கேட்டுப் பழகியது அதுதான். எண் பலகை அழிந்திருந்தாலும் சேஸிஸில் பொறித்த எண்ணை வைத்து உரிமையாளரைத் தேடுவார்கள், அதைச் சுரண்டிப் பார்க்க நீங்கள் மறுபடி இறங்க வேண்டியதில்லை. போலீஸ் கேட்கப்போவது இடம், ஆழம், வண்டி எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது, கண்ணாடி திறந்திருந்ததா என்பதுதான். அணையில் அனுமதி வாங்கி இறங்கினீர்களா என்றும் கேட்பார்கள், அந்தத் தாளையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.