ஊசி வேறு, பதிவு வேறு, நம்பர் வேறு: ஆதார், தடுப்பூசி வதந்திகளோடு வாதாடுபவர்கள் செய்யும் தவறுகள்

காசிமேட்டு டீக்கடையானாலும் வியாசர்பாடி குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பானாலும் பேச்சு ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கும். "இன்னாண்ணே, கொரோனா ஊசி போட்டவன் டீட்டெய்ல் எல்லாம் ஆதார்ல ஏத்திட்டானுங்களாமே? எங்க போனாலும் தெரிஞ்சிருமாம்!" பதில் சொல்ல வருபவர் பெரும்பாலும் விஷயம் தெரிந்தவராகத்தான் இருப்பார். ஆனாலும் பத்து நிமிடத்தில் அவர் வாயடைத்துப் போவார், அல்லது சண்டை வந்துவிடும். கையில் இருக்கும் தகவல் சரியாகவே இருந்தாலும், அதை எடுத்து வைக்கும் விதத்தில் கோட்டை விடுகிறார்கள்.

"எல்லாம் புரளி" என்று தொடங்குவது

இருப்பதிலேயே பெரிய தவறு இதுதான். பத்து வரி ஃபார்வேர்டில் இரண்டு மூன்று வரி உண்மையாக இருக்கும். மொத்தத்தையும் மறுத்தால், அந்த இரண்டு வரிக்குப் பழைய செய்தியைத் தேடி எடுத்துப் போட்டு உங்களையே பொய்யராக்கி விடுவார்கள். நிஜமாக நடந்தவை எவை என்று முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட், அதாவது கேட்டதற்குத் தானாகப் பதில் தரும் கணக்கு, ஓடியது. மொபைல் எண்ணைப் போட்டால் அந்த எண்ணில் ஊசிக்குப் பதிந்தவரின் பெயர், அடையாள அட்டை எண், பிறந்த விவரம், ஊசி போட்ட இடம் எல்லாம் வந்து விழுந்தன. ஒன்றிய சுகாதார அமைச்சகம், கொரோனா ஊசிக்குப் பதியும் கோவின் தளம் பாதுகாப்பாக இருக்கிறது, செய்தி ஆதாரமற்றது என்றது. அதே மாதத்தில் இந்த விவகாரத்தில் பீகாரில் ஒருவர் கைதானார். "கோவின்ல இருந்து ஒண்ணுமே வெளிய போகல" என்று அடித்துப் பேசுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

இரண்டாவது, சுகாதார எண். 2021-ல் ஆதாரைக் கொடுத்து ஊசிக்குப் பதிந்த பலருக்கு ஒரு சுகாதார எண்ணும் சேர்ந்தே உருவாகி, சான்றிதழில் யு.எச்.ஐ.டி. என்ற வரியில் அச்சாகி வந்தது. ஒருவரின் மருத்துவப் பதிவுகளை இணைக்கும் எண், இப்போது ஆபா என்கிறார்களே, அதுதான், 14 இலக்கம். "உருவாக்கட்டுமா?" என்று புரியும்படி யாரும் கேட்கவில்லை என்ற குறை நியாயமானது.

மூன்றாவது, போடாத ஊசிக்கு வந்த மெசேஜ். ஆன்லைனில் நேரம் பதிந்துவிட்டுப் போகாமல் இருந்தவர்களுக்கும் "உங்களுக்கு ஊசி போடப்பட்டது" என்று எஸ்.எம்.எஸ். வந்தது. இதை அமைச்சகமே ஒப்புக்கொண்டு, 2021 மே 8 முதல், முகாமில் சொன்னால்தான் பதிவு ஏறும் நான்கு இலக்க ரகசியக் குறியீட்டைக் கொண்டுவந்தது. ஆனால் அது ஆன்லைனில் பதிந்தவர்களுக்கு மட்டும்தான். முகாமுக்கு நேரே போனவர்களின் பதிவு, அங்கே டேப்லெட்டில் தட்டுபவர் கையில்தான் இருந்தது. ஒரே மொபைல் எண்ணில் குடும்பமே பதிந்திருந்ததும் குழப்பத்தைக் கூட்டியது. தவறாக ஏறிய பதிவை நீக்கச் சொல்லும் வசதி 2022 ஜனவரியில்தான் கோவினில் வந்தது. இதில் சதி எதுவும் தேவைப்படவில்லை, அவசரமும் இலக்குக் கணக்குமே போதும். ஆனால் இறந்துபோன அப்பாவுக்கு இரண்டாம் டோஸ் மெசேஜ் வந்த வீட்டில் போய் "அப்படியெல்லாம் நடக்காது" என்று சொன்னால் அடுத்த வார்த்தை காதில் ஏறாது.

இந்த மூன்றையும் எதிராளி எடுப்பதற்கு முன் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள்.

மூன்று விஷயத்தை ஒன்றாகக் குழைய விடுவது

சதிக் கதை வழுக்கி வழுக்கித்தான் ஓடும். ஊசிக்குள் சிப் இருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். அதற்குப் பதில் சொன்னால், "சரி, அப்ப கோவின்ல ஏன் லீக் ஆச்சு?" அதற்கும் பதில் சொன்னால், "ரேஷன்ல ஏன் ரேகை கேக்கறான்?" ஊசி, ஊசி போட்ட பதிவு, அடையாள எண் என்று மூன்று தனித்தனி விஷயங்கள். ஒன்றில் விழுந்த ஓட்டை அடுத்ததற்குச் சாட்சியாகாது. "அண்ணே, இப்ப எதப் பத்தி பேசறோம்? மருந்தப் பத்தியா, கம்ப்யூட்டர்ல ஏறினதப் பத்தியா, ஆதார் நம்பரப் பத்தியா?" என்று கேட்டு ஒன்றில் நிறுத்துங்கள். அது முடியாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள்.

ஆதார் ஆணையத்திடம் இருப்பவை: பெயர், பிறந்த தேதி, பாலினம், முகவரி, முகப்படம், பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, கொடுத்திருந்தால் மொபைலும் மின்னஞ்சலும். ஐந்து வயதுக்குக் கீழே ரேகையும் கருவிழியும் எடுப்பதில்லை. ஊசி விவரத்துக்கு அங்கே இடமே கிடையாது. கோவினில் இருந்தவை: பெயர், பிறந்த ஆண்டு, பாலினம், காட்டிய அடையாள அட்டையின் எண், எந்த ஊசி, எந்த பேட்ச், எந்த நாள், எங்கே. ஊசி போட ரேகை வைக்கச் சொல்லவில்லை.

ஆதார்தான் கட்டாயம் என்று ஒப்புக்கொண்டு வாதாடுவதும் தேவையில்லாத தோல்வி. பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, ஓய்வூதியப் புத்தகம் ஆகியவையும் ஏற்கப்பட்டன. 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்திலும் இது பதிவானது. ஆனால் முகாமில் இருந்தவர் "ஆதார் குடு" என்று மட்டும்தான் கேட்டிருப்பார். இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சிப் கதையில் நேரத்தைக் கரைப்பது

சிப்பை மறுப்பது சுலபம், கைதட்டும் கிடைக்கும். அதனாலேயே பலர் அரை மணி நேரம் அதிலேயே நிற்கிறார்கள். இரண்டு நிமிடம் போதும். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் 5 மில்லி, பத்துப் பேருக்கு அரை அரை மில்லி. எந்தச் சொட்டு யார் கைக்குப் போகும் என்பது சிரிஞ்சில் உறிஞ்சும்வரை யாருக்கும் தெரியாது. 25 கேஜ் ஊசியின் உள்துளை கால் மில்லிமீட்டர் அளவு. நாய்க்கு வைக்கிற அடையாளச் சிப் அரிசி மணி அளவு, அதற்குத் தனித் தடி ஊசி வேண்டும். அதிலும் பேட்டரி கிடையாது, ரீடரைப் பக்கத்தில் கொண்டுபோனால்தான் எண் தெரியும். சிப் 5ஜி வழியாகத் தகவல் அனுப்புகிறது என்ற கதைக்கு ஒரு தேதி போதும்: இந்தியாவில் 5ஜி சேவை தொடங்கியது 2022 அக்டோபர் 1. அதற்குள், ஜூலை 17 அன்றே, 200 கோடி டோஸ் போட்டாகிவிட்டது.

கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அதையும் சொல்லலாம். 2020 மார்ச்சில் பில் கேட்ஸ் ஓர் இணையக் கேள்வி பதிலில், யார் ஊசி போட்டார்கள் என்பதைக் காட்டும் டிஜிட்டல் சான்றிதழ் வரும் என்றார். அதற்குச் சில மாதம் முன்பு, கேட்ஸ் அறக்கட்டளை நிதியில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத சாயப் புள்ளியாக ஊசிப் பதிவை வைக்கும் ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். விலங்குகளில் சோதித்தது, அலைவரிசை எதையும் அனுப்பாத சாயம். இரண்டையும் ஒட்டவைத்தால் சிப் கதை தயார்.

முன்னே பின்னே நடந்ததைக் காரணம் என்று எடுத்துக்கொள்வது

இது இரு தரப்பும் செய்யும் தவறு. நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் மருத்துவமனையில் கேமரா முன்னால் கோவேக்சின் போட்டுக்கொண்டார், மறுநாள் மாரடைப்பு, 17-ம் தேதி மறைந்தார். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழு அந்த மரணம் ஊசியால் நேர்ந்ததல்ல என்று சொன்னது. ஆனால் அந்த முடிவு தெரியவந்தது அக்டோபரில். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வதந்திக்குத்தான் மைதானம். "விவேக் சார் சாவ மறைச்சிட்டானுங்க" என்பவரிடம், அந்தக் குழு வேறு மரணத்தில் என்ன சொன்னது என்பதையும் காட்டுங்கள். 2021 மார்ச்சில் ஊசி போட்ட 68 வயதுக்காரர் ஒருவர் கடும் ஒவ்வாமையால் இறந்தார். அது ஊசியால்தான் என்று அதே குழு அந்த ஜூனில் உறுதி செய்தது. போட்டபின் அரை மணி நேரம் உட்காரச் சொன்னது இந்த ஆபத்துக்காகத்தான்.

ஆகவே "பக்கவிளைவே கிடையாது" என்ற வாக்கியத்தை வாயிலேயே எடுக்காதீர்கள். கோவிஷீல்டு வகை ஊசியால் மிக அரிதாக, ரத்தத் தட்டணுக்கள் குறைந்து ரத்தம் உறையும் கோளாறு வரலாம் என்பதை ஐரோப்பிய மருந்து முகமை 2021 ஏப்ரலிலேயே பக்கவிளைவுப் பட்டியலில் சேர்த்தது. 2024 ஏப்ரல் கடைசியில், லண்டன் நீதிமன்றத்தில் அந்த ஊசியை உருவாக்கிய ஆஸ்ட்ராசெனகா நிறுவனம் இதை ஒப்புக்கொண்டது என்ற செய்தி பரவியபோது, மூன்று வருடம் மூடி வைத்த ரகசியம் போல அது பேசப்பட்டது. அதே வாரம் இன்னொன்றும் நடந்தது: சான்றிதழில் இருந்து பிரதமர் படம் காணாமல் போனது. "பாத்தியா, மாட்டிக்கினாங்க, படத்தத் தூக்கிட்டாங்க" என்று ஊரே பேசியது. அது மக்களவைத் தேர்தல் நேரம். நடத்தை விதிகளால் எடுக்கப்பட்டது என்பது அமைச்சகத்தின் விளக்கம். இதை நம்ப அமைச்சகத்தை நம்பத் தேவையில்லை. 2021 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தலின்போது, தேர்தல் ஆணையம் சொல்லித் தமிழ்நாட்டுச் சான்றிதழ்களில் இதே படம் எடுக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் ஊசி போட்டவர் வீட்டில் இருந்தால் பழைய பிரிண்ட்டைத் தேடச் சொல்லுங்கள்.

தீர்ப்பில் பாதியை மட்டும் படிப்பது

2022 மே 2 அன்று, ஊசியைக் கட்டாயமாக்குவதை எதிர்த்த ஜேக்கப் புலியேல் வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பு, அரசின் தடுப்பூசிக் கொள்கை தன்னிச்சையானதல்ல என்றும் சொன்னது. ஆதார் வழக்கில் 2018 செப்டம்பர் 26 அன்று நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் சட்டம் நிலைத்தது. சிம்முக்கும் வங்கிக் கணக்குக்கும் கட்டாயமாக இணைப்பது ரத்தானது, பான் இணைப்பு தப்பியது, சரிபார்ப்புப் பதிவுகளை ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றானது. பாதியைச் சொல்லி ஜெயித்தால் மறுநாள் மீதிப் பாதியோடு வருவார்கள்.

"தடுப்பூசி பாஸ்போர்ட் இப்பத்தான் வந்த சூழ்ச்சி" என்பதற்கு வடசென்னையிலேயே பதில் இருக்கிறது. கப்பல் வேலைக்குப் போகிறவர் வீட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசியின் மஞ்சள் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். துறைமுக சுகாதார அலுவலகத்தில் போடுவது. போட்ட பத்தாம் நாளில் இருந்து செல்லும், 2016 ஜூலையில் இருந்து ஆயுள் முழுக்க. ஆனால் அதைச் சொல்லிவிட்டு நிறுத்தாதீர்கள். அந்தப் புத்தகம் உங்கள் பெட்டிக்குள் இருக்கிறது, டிஜிட்டல் பதிவின் பிரதி இன்னொருவர் சர்வரில் இருக்கிறது. பயம் அந்த இடத்தில்தான், அதில் அர்த்தமும் உண்டு.

நிரூபிக்கிறேன் என்று சான்றிதழைக் குரூப்பில் போடுவது

"இதோ என்னோடது, ஒண்ணும் ஆகல" என்று போடும் படத்தில் பெயரும் வயதும் அடையாள எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் இருக்கும், க்யூ.ஆரும் இருக்கும். ஆதார் நகல் அனுப்பியே ஆக வேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கம் மறைத்த மாஸ்க்டு ஆதாரை இறக்கி அனுப்புங்கள். வதந்திப் படத்தின் மேல் "பொய்" என்று எழுதி மறுபடி ஃபார்வேர்டு செய்வதும் வேண்டாம்; படம் நிற்கும், எழுத்து மறந்துபோகும்.

தற்காப்பு யோசனையை அரைகுறையாகச் சொல்வது

வாதத்தின் நடுவே "பயமா இருந்தா பயோமெட்ரிக்க லாக் பண்ணிடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நல்ல யோசனைதான். ரேகையை நகலெடுத்து ஆதார் வழிப் பணம் எடுக்கும் மோசடி நிஜமானது. ஆனால் லாக் செய்தால் ரேஷன் கடையிலும் விரல் ஏற்காது. போவதற்கு முன் ஆதார் செயலியில் தற்காலிகமாகத் திறக்க வேண்டும், பத்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்ளும். வரிசை நீளமாக இருந்தால், கடைக்காரர் எதிரே போய் நின்ற பிறகே திறக்க வேண்டும். ஸ்மார்ட்போன் இல்லாத ஆயாவிடம் இதைச் சொல்லவே சொல்லாதீர்கள். ஐஸிலும் உப்பிலும் வேலை செய்து ரேகை தேய்ந்தவர்களுக்கு மெஷின் ஏற்கெனவே மக்கர் செய்கிறது.

இதைவிட உதவுவது, யார் யார் சரிபார்த்தார்கள் என்ற பட்டியல். மைஆதார் தளத்தில் ஆதார் எண்ணும் ஓ.டி.பி.யும் கொடுத்து நுழைந்து, அதென்டிகேஷன் ஹிஸ்டரியைத் திறந்தால், கடந்த ஆறு மாதத்தில் எந்த நிறுவனம், எந்த நாள், எத்தனை மணிக்கு, ரேகையா ஓ.டி.பி.யா என்று வரும். சந்தேகப்படுபவரின் போனிலேயே, அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். ஓ.டி.பி.யை நீங்கள் வாங்கித் தட்டாதீர்கள். தெரியாத பெயர் இருந்தால் ஆதார் உதவி எண்ணான 1947-க்குப் போன். ஒரு மணி நேரப் பேச்சில் அசையாதவர்கூட இந்தப் பட்டியலைப் பார்த்ததும் "ஓ, ரேஷன், சிம்மு, பேங்க்கு... அவ்ளோதானா" என்று நிதானத்துக்கு வருவார். அப்படி வராமல், தெரியாத பெயர் ஏதாவது கிடைத்துவிட்டாலும் நல்லதுதான்.

பதிவு மேல் உள்ள கோபம் குழந்தையின் ஊசி மேல் திரும்ப விடுவது

2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்தியால் தமிழ்நாட்டில் பல பெற்றோர் பள்ளிக்கே பிள்ளையை அனுப்பவில்லை, முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இப்போது "ஆபா வேண்டாம்" என்ற கோபத்தில் இருக்கிறவரிடம் "ஊசி போடாட்டி புள்ளைக்கு ஆபத்து" என்று பயமுறுத்தினால் இரண்டும் ஒரே முடிச்சாகிவிடும். பிரித்துச் சொல்லுங்கள். ஆபா எண் விருப்பம்தான். ஏற்கெனவே இருந்தால் ஆபா தளத்தில் நுழைந்து செயலிழக்கச் செய்யலாம், அழிக்கவும் செய்யலாம். பிக்மி எண் அப்படியல்ல. கர்ப்பத்தின்போது பதிவது, பிறப்புச் சான்றிதழுக்குக் கேட்பார்கள். இதை ஏன் கட்டாயமாக்கினார்கள் என்று யாராவது கேட்டால் அது கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்காகப் பதியாமல் விட்டால் சான்றிதழுக்கு அலைவது நீங்கள்தான். குழந்தைக்கு ஊசி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை. தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்துப் போய், போட்ட ஊசியின் பெயரும் தேதியும் அதில் எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரில் என்ன ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த அட்டை உங்களிடம் இருக்கும்.