மூன்று சக்கர பைக்கில் ஹேண்டில் உதறுகிறதா? டேம்பர் வாங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தண்டையார்பேட்டையில் இருக்கும் என் மாமாவுக்குப் போலியோவால் ஒரு காலில் பலமில்லை. திருவொற்றியூரில் புல்லட் ஆலைக்குப் பக்கத்தில் வளர்ந்தவர், அந்த வண்டி மேல் இருந்த ஆசை விடவே இல்லை. பழைய புல்லட் ஒன்றில் பின்னால் இரண்டு சக்கரம் வைத்து, ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றிக் கொடுத்தோம். அனுமதி வாங்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது.

முதல் வாரம் ஹேண்டில் கல் மாதிரி இருந்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் இரண்டு கால்கள்தான் ஃபோர்க். அதை வண்டியோடு பிடித்திருக்கும் டி என்ற பாகத்தை மாற்றினோம், லேசாகிவிட்டது. ஆனால் 30 கி.மீ. வேகத்தில் உதற ஆரம்பித்தது. உடனே ஹேண்டிலின் உதறலை அமுக்கும் ஸ்டியரிங் டேம்பர் மாட்டினோம், உதறல் நின்றது. இரண்டு மாதத்தில் திரும்ப வந்தது. நாங்கள் வேலை செய்த வரிசையே தப்பு.

கனமும் உதறலும் வேறு வேறு நோய் இல்லை, இரண்டுக்கும் நடுவில் இருப்பது டிரெயில். ஹேண்டில் திரும்பும் அச்சுக் கோட்டைத் தரை வரை நீட்டினால் ஒரு புள்ளி கிடைக்கும். முன்சக்கர நடுவிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் உள்ள தூரம்தான் டிரெயில். சாதாரண பைக்கில் இது சுமார் 100 மி.மீ. இருக்கும். பைக் சாய்ந்து திரும்புவதால் அது பாரமாகத் தெரியாது. மூன்று சக்கரம் சாயாது, அதனால் அதே 100 மி.மீ. கையை ஒடிக்கும். பாதி அளவுக்குக் குறைத்தால் சுகமாகத் திரும்பும். அதற்கும் கீழே போனால் சக்கரம் தானாக நேரே நிற்கும் குணம் குறைந்து உதறும். ஓட்டுபவர் மேலே உட்கார்ந்திருக்கும்போது அளக்க வேண்டும், ஏனென்றால் பாரம் ஏறினால் அளவு மாறும்.

இங்கேதான் பெரிய தவறு நடக்கிறது. ஃபோர்க்கை முன்னே சாய்த்தால் ஹேண்டில் லேசாகும் என்று கேள்விப்பட்டு, லேத் பட்டறையில் சேஸியின் கழுத்தை, அதாவது ஹேண்டில் அச்சு நுழையும் குழாயை, வெட்டிச் சாய்த்து வெல்டிங் வைக்கிறார்கள். கழுத்தைச் சாய்த்தால் டிரெயில் கூடும், ஹேண்டில் இன்னும் கனமாகும். சாய்வு டி-யில் வர வேண்டும். கழுத்து அப்படியே இருக்க, ஃபோர்க் மட்டும் சில டிகிரி முன்னே போக வேண்டும். ஃபோர்க் சுமார் 700 மி.மீ. நீளம் என்றால், ஒரு டிகிரிக்குச் சக்கரத்தின் அச்சு 12 மி.மீ. போல முன்னே நகரும். நாலு டிகிரி சாய்த்தால் டிரெயில் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்காகவே செய்த டி-யைத்தான் வாங்க வேண்டும். பழைய டி-யைச் சூடு காட்டி வளைப்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அது ஓட்டத்தில் உடைந்தால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

மாமா வண்டியில் மறுபடி உதறியதற்குக் காரணம் கோன் செட், அதாவது ஹேண்டில் அச்சு சுழலும் பேரிங். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தேங்கும் மழைத்தண்ணீரில் போய், காசிமேட்டு உப்புக்காற்றில் நின்று, கிரீஸ் கழுவிப்போய்த் துரு பிடித்திருந்தது. சாயாத வண்டியில் முன்சக்கரத்தில் வரும் பக்கவாட்டு விசை ஃபோர்க்குக்கும் கோனுக்கும்தான் போகிறது. அதனால் பைக்கைவிடச் சீக்கிரம் தேயும். முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்துங்கள். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்றால் ஆட்டம் இருக்கிறது. அப்புறம் ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் ஓரிடத்தில் சிக்கி நின்றால் பேரிங் உட்காரும் கப்பில் குழி விழுந்திருக்கிறது. அந்த நிலையில் நட்டை இறுக்குவது வீண், செட்டையே மாற்ற வேண்டும். கோனை ஒரேயடியாக இறுக்கினாலும் வண்டி நேராகப் போகாமல் அலையும்.

டயரை மறந்துவிடாதீர்கள். முன் டயரில் காற்று குறைவு, மேடுபள்ளமாகத் தேய்ந்த டயர், ரிம் ஆட்டம், தளர்ந்த போக்ஸ் கம்பி, ஃபோர்க்கின் இரண்டு காலிலும் வேறு வேறு அளவு ஆயில் என எதுவும் உதறலைக் கிளப்பும். பின் சக்கரங்கள் இரண்டிலும் ஒரே அளவு காற்று இருக்கட்டும். பின் அச்சு சேஸிக்குச் செங்கோணத்தில் இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதை முன்பக்கம் தேடிப் பயனில்லை.

எல்லா இழுப்பும் கோளாறு இல்லை. நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்திருக்கும், மூன்று சக்கரம் அந்தச் சரிவின் வழியே போகும். எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரிகள் அழுத்திய தடத்தில் போனாலும் அப்படித்தான். சமதளத்தில் ஓட்டிப் பார்த்த பிறகு ஸ்பானரை எடுங்கள்.

பழைய பைக் பழக்கம் ரொம்ப ஆபத்து. வேகத்தில் இடது பக்கம் திரும்ப இடது கைப்பிடியை முன்னே தள்ளுவது பைக்கில் சரி. மூன்று சக்கரத்தில் அப்படிச் செய்தால் வண்டி வலது பக்கம், எதிர் வண்டியை நோக்கிப் போகும். காலி இடத்தில் ஒரு வாரமாவது பழகாமல் டி.எச். ரோடு (திருவொற்றியூர் நெடுஞ்சாலை) போன்ற பெரிய சாலைக்கு எடுத்து வராதீர்கள். நிற்கும்போது காலை ஊன்றவும் கூடாது, பின் சக்கரம் பாதத்தில் ஏறிவிடும். ஓட்டத்தில் உதறினால் முன் பிரேக்கை அழுத்தாமல், கைப்பிடியை விடாமல், ஆக்ஸிலேட்டரை மெல்லக் குறையுங்கள்.

டேம்பர் இத்தனைக்கும் பிறகுதான். கோன் மாற்றிய பின் மாமா வண்டியில் அது இப்போதும் இருக்கிறது. அதை முழுக்க இறுக்கினால் பழைய கனம் திரும்பிவிடும் என்பதால், உதறல் அடங்கும் அளவோடு நிறுத்தியிருக்கிறோம். ஹேண்டில் இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை தட்டாமல் திரும்புகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கிறோம்.