பத்து வட்டி பன்னிரண்டு சதவீதத்தைவிடக் குறைவல்ல: தாராவியில் கடன் வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பளம் ஏறும் நாட்களில் தாராவி தொண்ணூறு அடி சாலையில் உள்ள ஏடிஎம் வாசல்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே ஆள் நான்கைந்து கார்டுகளோடு வரிசையில் நிற்பார். எல்லாக் கார்டுகளின் ரகசிய எண்ணும் அவருக்கு மனப்பாடம். கணக்குகளோ வேறு வேறு பெயர்களில் இருக்கும். உழைத்தவரின் சம்பளத்தை வட்டிக்குக் கொடுத்தவர் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

எங்கள் சந்தில் ஆங்கிலத்தில் ஏதாவது தாள் வந்தால் படித்துச் சொல்லும்படி என்னிடம் கொண்டுவருவார்கள். அப்படிப் பல ஆண்டுகள் கடன் தாள்களைப் படித்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறைந்த வருமானக்காரர்களுக்குப் பொறுப்பில்லை, அதனால்தான் கடனில் மூழ்குகிறார்கள் என்று பேசுவோரை நான் ஏற்பதில்லை. நான் பார்த்தவர்கள் பிள்ளையின் டியூஷனை நிறுத்தியாவது தவணையைக் கட்டுகிறவர்கள். சொன்ன சொல் தவறக் கூடாது என்ற அந்த நாணயத்தை நம்பித்தான் வட்டித் தொழிலே நடக்கிறது. திருப்பிக் கட்டுவதில் அவர்கள் காட்டும் பொறுப்பில் பாதியைக் கடன் வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் காட்டினால் போதும். தவறுகள் பெரும்பாலும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கின்றன.

முதல் தவறு, வட்டியை எந்தக் காலத்துக்குச் சொல்கிறார்கள் என்று கேட்காமல் விடுவது. வங்கியில் பன்னிரண்டு சதவீதம் என்கிறார்கள், தெருவில் பத்து வட்டிக்குக் கிடைக்கிறது, இதுதானே மலிவு என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டார். வங்கி சொல்வது ஆண்டுக்கு. பத்து வட்டி என்பது நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய், அதாவது ஆண்டுக்கு 120 சதவீதம். பத்தாயிரம் வாங்கி மாதம் ஆயிரம் ரூபாய் வட்டி மட்டும் கட்டி வந்தால், பத்தாவது மாதம் பத்தாயிரமும் போயிருக்கும், அசல் அப்படியே நிற்கும்.

தண்டல் இன்னும் ஏமாற்றும். பத்தாயிரம் என்று பேசி, கையில் 8,500 கொடுத்து, தினம் நூறு வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. முழுப் பணமும் நூறு நாள் உங்களிடம் இருப்பதில்லை. அதைச் சேர்த்துக் கணக்கிட்டால் இதுவும் ஆண்டுக்கு 120 சதவீதத்தையே தொடுகிறது. ஆகவே எந்தக் கடனாக இருந்தாலும் இரண்டு எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: கைக்கு வருவது எவ்வளவு, மொத்தம் திரும்பப் போவது எவ்வளவு. சதவீதம் புரியாவிட்டாலும் இந்த இரண்டும் புரியும்.

சம்பள நாளில் அடைத்துவிடலாம் என்று வாங்கும் குறுங்கடன் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் நூறு டாலருக்குப் பதினைந்து டாலர் கட்டணத்தில் இரண்டு வாரக் கடன் தருகிறார்கள். ஆண்டுக் கணக்கில் அது 400 சதவீதத்தை நெருங்குகிறது. அந்நாட்டின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014இல் ஆராய்ந்தபோது, அத்தகைய கடன்களில் ஐந்தில் நான்கு பதினான்கு நாட்களுக்குள் புதுப்பிக்கப்படுகின்றன அல்லது அடுத்த கடனாக மாறுகின்றன என்று தெரிந்தது. அவற்றை வாங்கியவர்கள் எல்லோரும் ஊதாரிகளாக இருக்க முடியாது. இந்த மாதச் சம்பளத்தில் விழுந்த பள்ளத்தை அடுத்த மாதச் சம்பளத்தால் மூடினால் அடுத்த மாதம் பள்ளம் விழத்தான் செய்யும். பிரிட்டன் 2015இல் வரம்பு கட்டியது: வட்டியும் கட்டணமும் சேர்ந்து வாங்கிய தொகையைத் தாண்டக் கூடாது. இது நமக்கும் புதிதல்ல. வட்டி பாக்கி ஒரே நேரத்தில் அசலைவிட அதிகமாகக் கூடாது என்ற 'தாம்துபட்' நெறி பழைய பம்பாய் மாகாணத்தில் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்ட ஒன்று.

இப்போது தெருவைவிடக் கைப்பேசிதான் அதிக ஆபத்து. ஐயாயிரம் என்று காட்டி, செயலாக்கக் கட்டணம் கழித்து 3,250 அனுப்பி, ஏழாம் நாள் ஐயாயிரம் கேட்கும் செயலிகளைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாரத்துக்கு 54 சதவீதம்! வாட்ஸ்ஆப்பில் வரும் இணைப்பைத் தொட்டு எந்தக் கடன் செயலியையும் நிறுவாதீர்கள். தொடர்பு எண்களையும் புகைப்படங்களையும் பார்க்க அனுமதி கேட்டால் அந்த இடத்திலேயே நீக்குங்கள். டிஜிட்டல் கடன் செயலிகள் அவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022இலேயே விதித்துவிட்டது. கடனின் முழுச் செலவையும் ஆண்டு விகிதத்தையும் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும். மனம் மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசத்துக்குள் அசலையும் அதற்கான விகிதப்படியான வட்டியையும் கொடுத்து விலகிக்கொள்ளலாம். முறையான நிறுவனங்களோடு இணைந்த செயலிகளின் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. அதில் பெயர் இல்லையென்றால் வேண்டாம்.

படத்தைத் திரித்து உறவினர்களுக்கு அனுப்புவோம் என்று மிரட்டினால், இன்னொரு செயலியில் கடன் வாங்கி இதை அடைப்பதுதான் மிகப் பெரிய தவறு. மிரட்டல் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1930 எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள். உறவினர்களிடம் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். முன்பே தெரிந்த செய்தியை வைத்து யாரும் மிரட்ட முடியாது. வெட்கம்தான் அவர்கள் கையில் இருக்கும் ஒரே ஆயுதம்.

ஏடிஎம் கார்டையும் தொகை எழுதாமல் கையெழுத்திட்ட காசோலையையும் அடமானமாகக் கொடுக்காதீர்கள். கடனைக் கட்ட முடியாமல் போவது, அது மட்டுமே என்றால், சிறைக்கு அனுப்பும் குற்றமல்ல. ஆனால் காசோலை பணமின்றித் திரும்பினால், செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவின்கீழ் அது குற்ற வழக்காகும். சாதாரணக் கடனை நாமே கையெழுத்துப் போட்டுக் குற்ற வழக்காக மாற்றிக் கொடுக்கிறோம். அதேபோல, குழுக் கடனில் இன்னொருவருக்காக உங்கள் பெயரில் வாங்கித் தராதீர்கள். வாங்கியவர் ஊருக்குப் போய்விட்டாலும் தவணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.

நெல்லைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சொல். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவும் ஜூன் மாதப் பள்ளிக் கட்டணமும் திடீரென்று வருபவை அல்ல. கோயில் வரியும் ரயில் டிக்கெட்டும் புதுத்துணியும் பத்து மாதத்துக்கு முன்பே தெரிந்த செலவுகள். இவற்றுக்குப் பத்து வட்டியில் வாங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. தெரிந்தவர்கள் பத்துப் பேர் சேர்ந்து சிறுசீட்டு போட்டாலே சமாளிக்கலாம். ஆஸ்பத்திரிச் செலவு வேறு. அதற்குக் கடன் வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

மலிவான வழியைக் கேட்டே பார்க்காமல் இருப்பதும் தவறுதான். இட்லிக் கூடையோடு சைக்கிளில் போகிறவருக்கு, தெருவோர வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டத்தில் முதல் கடனாக 15,000 ரூபாய் வரை பிணையின்றிக் கிடைக்கும். ஒழுங்காகக் கட்டினால் ஆண்டுக்கு 7 சதவீத வட்டி மானியமாகத் திரும்பும். ஜன் தன் கணக்கைச் சரியாக நடத்தி வருபவர் 10,000 ரூபாய் வரை மிகைப்பற்று, அதாவது கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் வசதி, கேட்கலாம். வீட்டில் தங்க நகை இருந்தால், அதை வைத்து வங்கியில் வாங்கும் நகைக்கடன் பத்து வட்டியைவிடப் பல மடங்கு மலிவு.

கந்து வட்டிச் சட்டம் காப்பாற்றும் என்று இங்கே பலர் நம்புகிறார்கள். 2003இல் வந்த அந்தச் சட்டம் தமிழ்நாட்டுக்கு உரியது. மும்பையில் 2014ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டித்தொழில் ஒழுங்குமுறைச் சட்டம்தான் செல்லும். அதன்படி உரிமமில்லாமல் வட்டித் தொழில் செய்வது குற்றம். போலீஸ் நிலையத்தோடு நின்றுவிடாமல், கூட்டுறவுத் துறைப் பதிவாளர் அலுவலகத்திலும் புகார் எழுதிக் கொடுக்கலாம். வங்கி அல்லது பதிவு பெற்ற நிதி நிறுவனத்தின் மீது புகார் என்றால், முதலில் அந்த நிறுவனத்திடமே எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கான உதவி எண் 14448.

கடைசித் தவணை கட்டிய அன்று நிம்மதியில் எழுந்து வந்துவிடாதீர்கள். கடன் முடிந்தது என்று தேதியோடு எழுதி வாங்குங்கள். கொடுத்த காசோலையையும் கையெழுத்திட்ட வெற்றுத் தாளையும் அவர் கண்முன்னே கிழித்துப் போடுங்கள். கார்டு அவரிடம் இருந்திருந்தால், அன்றே ஏடிஎம்முக்குப் போய் ரகசிய எண்ணை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.