மதுரையிலிருந்து பிரிட்டனுக்குப் போகிறவர்களுக்கு: பழைய கார் வாங்குமுன் எம்.ஓ.டி. வரலாற்றைப் படியுங்கள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று நம் பக்கத்துப் பிள்ளைகள் நர்ஸ் வேலைக்கும் முதியோர் பராமரிப்பு வேலைக்கும் பிரிட்டன் போகும்போது, எல்லோருக்கும் லண்டனில் வேலை கிடைப்பதில்லை. மணிக்கு ஒரு பஸ் வரும் சின்ன ஊரில் போய் இறங்குகிறார்கள், காலை ஏழு மணி ஷிஃப்டுக்கு நேரத்துக்குப் போக முடிவதில்லை, அதனால் சில மாதத்திலேயே ஒரு பழைய கார் வாங்கியாக வேண்டும் என்று ஆகிவிடுகிறது. நம் ஊர் லைசென்ஸை வைத்து, அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் வரை ஓட்டலாம். அதற்குப் பிறகு அங்குள்ள தேர்வுகளை எழுதி அங்குள்ள லைசென்ஸ் எடுத்தே தீர வேண்டும்.

இங்கே பழைய கார் பார்க்கப் போனால் தெரிந்த மெக்கானிக் அண்ணனைக் கையோடு கூட்டிப் போவோம். அவர் பானெட்டைத் திறந்து பார்ப்பார், பட்டி பார்த்து பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார், "டாக்டர் ஓட்டின வண்டி" என்று விற்பவர் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று நம் காதில் சொல்வார். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ் பார்த்து முடித்துவிடுவோம். சொந்தக் கார் 15 வருடம் வரை எஃப்.சி.க்குப் போக வேண்டியதில்லை என்பதால், இடையில் அந்த வண்டி எப்படி இருந்தது என்று வருடாவருடம் யாரும் சோதித்து எழுதி வைப்பதில்லை.

அங்கே எழுதி வைக்கிறார்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றிலும் கார் மூன்று வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒரு முறை எம்.ஓ.டி. சோதனை (வண்டி ரோட்டில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது, நம் எஃப்.சி. மாதிரி) கட்டாயம், வட அயர்லாந்தில் நான்கு வயதிலிருந்து. 2005 முதல் (வட அயர்லாந்தில் 2017 முதல்) நடந்த சோதனைகளின் முடிவுகள் அரசின் இணையதளத்தில் இருக்கின்றன, பார்க்கக் காசு கிடையாது, வண்டி நம்பர் மட்டும் போதும். வண்டியைப் பார்க்க ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடலாம். விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்திருந்தால் நம்பரைக் கேளுங்கள், தர மறுத்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.

முதலில் ஓடிய தூரம். ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் காட்டியதைக் குறித்திருப்பார்கள். 2021-இல் 61,000, 2022-இல் 68,000, 2023-இல் 52,000 என்று வந்தால் மீட்டரைத் திருப்பியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் ஒரே ஒரு வருடம் மட்டும் எண் விலகி, அடுத்த வருடம் பழைய வரிசைக்கே வந்துவிட்டால் அது பெரும்பாலும் சோதித்தவர் தப்பாக அடித்தது. அந்த எண்கள் மைலில் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம், 70,000 என்றால் நம் கணக்கில் 1,12,000 கிலோமீட்டருக்கும் மேல்.

அடுத்து குறைகள். 2018 மே மாதத்திலிருந்து இவற்றை டேஞ்சரஸ், மேஜர், மைனர், அட்வைசரி (இப்போதைக்குப் பரவாயில்லை, கவனித்துக்கொள்ளுங்கள் என்ற குறிப்பு) என்று பிரித்து எழுதுகிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் ஃபெயில், மற்ற இரண்டோடு பாஸ் ஆகிவிடும். பலரும் கடைசியில் பாஸ் என்று பார்த்ததும் மூடிவிடுகிறார்கள், ஆனால் விஷயம் இருப்பதே அட்வைசரியில்தான். "முன் டயர் தேய்ந்து சட்ட எல்லையை நெருங்குகிறது" என்று ஒரு வருடம் இருந்தால் பெரிய விஷயமில்லை, டயர் தேயத்தான் செய்யும். அதே டயர் அடுத்த வருடம் ஃபெயில் ஆகி, அன்றைக்கே மாற்றிப் பாஸ் வாங்கியிருக்கிறார் என்றால், சோதனைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தும்வரை ஓனர் எதையும் செய்யவில்லை என்று அர்த்தம். இப்படிப்பட்டவர் எஞ்சின் ஆயிலை மட்டும் நேரத்துக்கு மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றாது. ஒரு முறை ஃபெயில் ஆனதற்காக வண்டியை ஒதுக்க வேண்டாம், பல்பு போனதற்கும் ஃபெயில் உண்டு. ஒரே குறை மூன்று வருடம் தொடர்ந்து வந்தால்தான் யோசிக்க வேண்டும்.

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கே உள்ள மெக்கானிக் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் தாராளமாக அனுப்பலாம். புஷ், ஷாக் அப்சார்பர், பிரேக் பேட் எல்லாம் எந்த ஊரிலும் ஒன்றுதான், அவர் சரியாகவே சொல்வார். துரு விஷயத்தில் மட்டும் அவர் பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். மதுரை வெயிலில் கார் மேலிருந்து கெடும்: பெயிண்ட் மங்கும், கண்ணாடி ஓரத்து ரப்பர் வெடிக்கும். அங்கே கீழிருந்து கெடும். குளிர்காலத்தில் பனி உறையாமல் இருக்க ரோட்டில் உப்பைத் தூவுகிறார்கள், அந்த உப்புத் தண்ணீர் அடியில் ஒட்டிக்கொண்டு பிரேக் பைப், ஸ்பிரிங், சப்ஃபிரேம் (எஞ்சினையும் சக்கரப் பாகங்களையும் தாங்கும் அடிச்சட்டம்), கதவுக்குக் கீழ் ஓடும் தகடு எல்லாவற்றையும் அரிக்கும். பளபளவென்று இருக்கும் கார், அடியில் வெல்டிங் வைக்க வேண்டிய நிலையில் இருக்கலாம். வரலாற்றில் 'கரோஷன்' (துரு அரிப்பு) என்ற சொல் எந்த வருடம் முதலில் வந்தது, அடுத்தடுத்த வருடங்களில் எங்கெல்லாம் பரவியது என்று பாருங்கள். பிரேக் பைப்பில் மேலோட்டமான துரு என்றால் பேரம் பேசலாம், தகட்டிலும் சப்ஃபிரேமிலும் துரு என்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். விற்கும் நேரத்தில் அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை, நம் ஊரில் பட்டி பார்ப்பது போலத்தான் அதுவும்.

வண்டியின் பதிவுப் புத்தகமான வி5சி-யில் 11 இலக்க எண் ஒன்று இருக்கும். அதையும் போட்டால் ஒவ்வொரு சோதனையும் எந்த இடத்தில் நடந்தது என்று தெரியும். வருடக்கணக்கில் கடலோர ஊரிலேயே இருந்த வண்டி என்றால் துருவைப் பற்றி இரண்டு மடங்கு விசாரியுங்கள். தேதிகளில் பெரிய இடைவெளி இருந்தால் அந்தக் காலத்தில் வண்டி எங்கே நின்றது என்று கேட்கலாம், ஆனால் 2020-ஐ மட்டும் விட்டுவிடுங்கள், கொரோனாவால் அந்த வருடம் பலருக்கும் ஆறு மாதம் அவகாசம் கொடுத்தார்கள்.

இப்போது கொஞ்சம் சங்கடமான விஷயம். படிப்பு முடித்து ஊர் திரும்பும் நம் பையன்களே குரூப்பில் காரை விற்பார்கள். "நம்ம ஊர்க்காரன், நம்பர் கேட்டால் தப்பாக நினைப்பான்" என்று தயங்கி அப்படியே காசைக் கொடுத்துவிடுகிறார்கள். தயங்காதீர்கள். அவனே அந்த வண்டியை ஒரு வருடம் முன்புதான் வாங்கியிருப்பான், அதற்கு முன் நடந்தது அவனுக்கும் தெரியாது. "தம்பி, நம்பர் அனுப்பு, ஹிஸ்டரி பார்த்துட்டுப் பேசலாம்" என்று நேராகச் சொல்லுங்கள். தனி ஆளிடம் வாங்கினால் பின்னால் குறை தெரிந்தாலும் பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம். வியாபாரியிடம் வாங்கினால், வாங்கும்போதே பெரிய கோளாறு இருந்தது என்று தெரியவரும்போது முதல் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் தருகிறது.

எம்.ஓ.டி.யில் எஞ்சின், கிளட்ச், கியர்பாக்ஸ் நிலையைச் சோதிப்பதில்லை. அதனால் "12 மாத எம்.ஓ.டி. இருக்கு" என்பது அவற்றுக்கு உத்தரவாதம் ஆகாது, சர்வீஸ் பில்களைத் தனியாகக் கேளுங்கள், முக்கியமாக டைமிங் பெல்ட் மாற்றிய பில். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போய், குளிர்ந்த நிலையில் நீங்களே ஸ்டார்ட் செய்து பாருங்கள். கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் இன்சூரன்ஸ் கம்பெனி கழித்துவிட்ட வண்டியா என்பதும் எம்.ஓ.டி. வரலாற்றில் வராது. அதற்குச் சில பவுண்டு கட்டித் தனியாகப் பார்க்க வேண்டும், அந்தக் காசை மிச்சம் பிடிக்காதீர்கள். வி5சி-யில் ஒருவர் பெயர் இருப்பதால் மட்டும் அவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார்.

எல்லாம் சரி என்றால், பணம் கொடுக்கும் அன்றே வி5சி-யிலிருந்து புது ஓனருக்கான பச்சைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். 2014 அக்டோபரிலிருந்து பழைய ஓனர் கட்டிய சாலை வரி வாங்குபவருக்கு மாறுவதில்லை. அந்தச் சீட்டில் உள்ள எண்ணை வைத்து அங்கேயே போனில் வரி கட்டி, உங்கள் பெயரில் இன்சூரன்ஸும் போட்ட பிறகே வண்டியை எடுங்கள்.