இணையவழியில் வரலாறு படிப்பது எப்படி: முதல் பாடத்தைத் தொடங்குவோருக்கு

பள்ளி, கல்லூரிப் படிப்பு முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு வரலாற்றைப் படிக்க விரும்புவோர் பலர், காணொளிகளை வரிசையாகப் பார்த்து முடிப்பதையே படிப்பு என்று கருதி, மூன்றாம் வாரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் பாதியில் விட்டேன். கேட்கும்போது எல்லாம் புரிந்தது போலிருந்தது; ஒரு வாரம் கழித்து எதைப் படித்தாய் என்று வீட்டில் கேட்டபோது நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை. இரண்டாம் முறை வேறு விதமாகப் படித்து முடித்தேன். அந்த வழிமுறையை, நான் படித்த பாடத்தையே எடுத்துக்காட்டாகக் கொண்டு, படிப்படியாகக் கூறுகிறேன்.

பாடத்தைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் உங்கள் மனத்தில் உள்ள கேள்வியை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். ரோமப் பேரரசு இருந்த இடத்தில் ஐரோப்பிய அரசுகள் எப்படி உருவாயின என்பது என் கேள்வி. அதற்கு ஏற்றதாக அமைந்தது, யேல் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாகத் திறந்து வைத்துள்ள பாடங்களுள் ஒன்று: கி.பி. 284 முதல் 1000 வரையிலான தொடக்க இடைக்காலம் பற்றிப் பேராசிரியர் பால் ஃப்ரீட்மன் நடத்திய 22 விரிவுரைகள். காணொளியுடன் ஒவ்வொரு விரிவுரையின் எழுத்து வடிவமும் கிடைக்கிறது. ஆங்கிலப் பேச்சின் வேகத்தில் தடுமாறுபவர்கள் எழுத்து வடிவத்தை முதலில் படித்துவிட்டுப் பிறகு கேட்டால் பெரும்பாலான தடைகள் நீங்கிவிடும்.

யேல் பாடங்களுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் தேவைப்படுவோர் இந்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் போன்றவற்றை நாடலாம். அங்கே பாடம் இலவசம், சான்றிதழுக்கான தேர்வுக்கு மட்டும் கட்டணம் உண்டு.

நாட்காட்டியும் வரைபடமும்

வாரத்துக்கு இரண்டு விரிவுரை என்று வைத்தால் 22 விரிவுரைகளுக்குப் பதினொரு வாரம் ஆகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு வாரத்துக்கு ஒன்று போதும் என்பது என் கருத்து, ஏனெனில் கேட்பதற்குச் செலவிடும் நேரத்தைப் போல் இரு மடங்கு நேரம் வாசிப்புக்கும் எழுத்துக்கும் தேவைப்படும். தொடங்குமுன் ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் காலக்கோடு வரைந்து, 284, 476, 622, 800 என நான்கே ஆண்டுகளைக் குறித்து வையுங்கள்: ரோமப் பேரரசர் டயோக்ளீஷியன் அரியணை ஏறியது, மேற்கு ரோமின் கடைசிப் பேரரசர் நீக்கப்பட்டது, முகமது நபி மதீனாவுக்குப் பெயர்ந்தது, ஃபிராங்கிய அரசர் சார்லமேன் ரோமில் பேரரசராக முடிசூடியது. மற்ற ஆண்டுகள் படிக்கப் படிக்க இவற்றின் நடுவே தாமாக வந்து அமரும். மத்தியதரைக்கடல் வரைபடம் ஒன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சான்றை நேரடியாகப் படித்தல்

படிப்பு உண்மையில் தொடங்குவது இங்கேதான். விரிவுரையாளர் குறிப்பிடும் சான்றுகளுள் ஒன்றையாவது, மொழிபெயர்ப்பிலேனும், நீங்களே தேடிப் படிக்க வேண்டும். இரண்டாம் விரிவுரை மூன்றாம் நூற்றாண்டு நெருக்கடியையும் டயோக்ளீஷியனின் சீர்திருத்தங்களையும் பற்றியது. அதையொட்டி நான் எடுத்துக்கொண்ட சான்று, அவர் 301ஆம் ஆண்டில் பிறப்பித்த விலை உச்சவரம்பு ஆணை. கல்லில் வெட்டப்பட்டுப் பல ஊர்களில் துண்டு துண்டாகக் கிடைத்த ஆணை அது. வணிகரின் பேராசையே விலை ஏற்றத்துக்குக் காரணம் என்று முன்னுரையில் சொல்லிவிட்டு, பொருள்களுக்கும் கூலிக்கும் உச்ச அளவை ஒவ்வொன்றாக அடுக்கி, மீறுவோருக்கு மரண தண்டனை என்கிறது.

பட்டியலைப் படிக்கும்போது கையில் பேனா இருக்கட்டும். பண்ணைத் தொழிலாளிக்கு உணவுடன் நாளொன்றுக்கு 25 டெனாரியஸ் (ரோம நாணயம்). தொடக்கக் கல்வி ஆசிரியருக்கு மாணவன் ஒருவனுக்கு மாதம் 50. படைத்துறை மோடியஸ் என்னும் முகத்தலளவையில் கோதுமை 100. இந்த மூன்று எண்களை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது நாளும் வேலை கிடைத்தால் தொழிலாளியின் கூலி 750. அந்தத் தொகையை ஈட்ட ஆசிரியருக்குப் பதினைந்து மாணவர்கள் வேண்டும், அப்போதும் சாப்பாடு அவர் பொறுப்பு. தொழிலாளிக்கோ ஓர் அளவு கோதுமை வாங்க நான்கு நாள் உழைப்பு. கையால் கணக்கிட்டதனால் அந்த எண்கள் இன்றும் நினைவில் நிற்கின்றன.

ஆனால் இவை சந்தையில் புழங்கிய விலைகள் அல்ல, அரசு அனுமதித்த உச்ச அளவுகள் என்பதை மறந்துவிடக்கூடாது. ஆகவே ஒவ்வொரு சான்றிடமும் சில கேள்விகளைக் கேட்டு விடைகளை எழுதுங்கள்: இதை எழுதியவர் யார், யாருக்காக எழுதினார், என்ன நடந்தது என்கிறாரா அல்லது என்ன நடக்க வேண்டும் என்கிறாரா, இதற்கு மாறாகச் சொல்லும் வேறு குரல் உண்டா?

இந்த ஆணைக்கு அப்படியொரு மாற்றுக் குரல் இருக்கிறது. ஆணைக்குப் பயந்து பொருள்கள் சந்தையிலிருந்து மறைந்தன, தட்டுப்பாடு மேலும் முற்றியது, இறுதியில் சட்டமே கைவிடப்பட்டது என்று அக்கால எழுத்தாளர் லாக்டான்ஷியஸ் ஒரு நூலில் எழுதினார். அவர் கிறித்தவர், 303இல் டயோக்ளீஷியன் தொடங்கிய ஒடுக்குமுறையைக் கண்டவர், அதை நடத்தியவர்களை இகழ்வதற்கென்றே அந்நூலை எழுதினார். அதனால் அவர் சொல்வது பொய் என்றாகிவிடாது. எந்த இடத்தில் மிகைப்படுத்தியிருப்பார் என்பதை நாம் எடை போட வேண்டும். அவர் நிக்கோமீடியா நகரில் பேச்சுக்கலை கற்பித்தவர் என்று பிறகு அறிந்தபோது மறுபடி பட்டியலைப் புரட்டினேன். பேச்சுக்கலை ஆசிரியருக்கும் உச்சவரம்பு இருக்கிறது: மாணவனுக்கு மாதம் 250 டெனாரியஸ். தம் வருமானத்துக்கும் வரம்பு விதித்த ஓர் ஆணையைப் பற்றித்தான் அவர் எழுதியிருக்கிறார்.

ஒரு பக்கம் எழுதுதல்

வார இறுதியில் நோட்டை மூடி வைத்துவிட்டு, அந்த வாரப் பாடத்தைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள். பாடம் ஆங்கிலத்தில் இருந்தாலும் தமிழில் எழுத வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன், ஏனெனில் புரியாத இடத்தை ஆங்கிலச் சொல்லைக் கொண்டு மூடி மறைக்க அப்போது வழியிருக்காது. எழுதியபின் சான்றையும் விரிவுரையையும் திறந்து வைத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆதாரம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

என் முதல் பக்கத்தின் முதல் வாக்கியம் இப்படி இருந்தது: "டயோக்ளீஷியன் விலைவாசியைக் கட்டுப்படுத்தினார்." லாக்டான்ஷியஸைப் படித்தபின் அதை அடித்துவிட்டு, "கட்டுப்படுத்த ஆணையிட்டார்" என்று மாற்றினேன். இப்படித் திருத்தும்போது பழைய வாக்கியத்தை அழித்துவிடாதீர்கள். அடித்த கோட்டோடு அப்படியே விட்டு, திருத்திய தேதியைப் பக்கத்தில் குறித்துவிட்டு அடுத்த வார விரிவுரைக்குச் செல்லுங்கள்.