சமையலறைத் தரை: கடை வெளிச்சத்தில் தெரியாத தவறுகள்

எங்கள் சமையலறையில் அடுப்புக்கு நேர் கீழே, மார்பிள் தரையில் ஒரு மங்கலான வட்டம் இருக்கிறது. நின்று பார்த்தால் தெரியாது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது மட்டும் தெரியும். புது வீட்டுக்குக் குடிவந்த மூன்றாவது வாரம் புளிக்கரைசல் கை தவறிக் கொட்டிய இடம் அது. அடுப்பில் வேலை இருந்ததால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் துடைத்தேன். சோப்பு, சோடா உப்பு என்று என்னென்னவோ போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அது கறையே இல்லை, கல்லின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

மார்பிள் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட், சுண்ணாம்புக்கல்லின் வழிவந்தது. புளியில் டார்டாரிக் அமிலம், எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம், மோரில் லாக்டிக் அமிலம். இவற்றில் ஒன்றாவது தரையில் சிந்தாமல் நம் சமையலறையில் ஒரு வாரம் ஓடாது. அமிலம் பட்டதும் பாலிஷ் போய்விடும். ‘சீலர் (கல்லின் நுண்துளைகளை அடைக்கும் பூச்சு) அடித்துவிட்டால் கவலையில்லை’ என்று கடையில் சொல்வார்கள். சீலர் எண்ணெயும் மஞ்சளும் கல்லுக்குள் இறங்குவதைத்தான் தாமதப்படுத்தும், அமிலம் அரிப்பதைத் தடுக்காது. மறுபடி பாலிஷ் போடுவது ஒன்றுதான் வழி.

மார்பிள் வேண்டாம் என்று கடப்பா கல்லுக்கோ கோட்டா கல்லுக்கோ போகிறவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவை இரண்டும் சுண்ணாம்புக்கல்தான். கடப்பா கறுப்பாக இருப்பதால் கிரானைட் மாதிரி தாங்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். எலுமிச்சைச் சாறு பட்டால் அதிலும் வெளுத்த தடம் விழும். ஆனால் பளபளப்பாகப் பாலிஷ் போடாமல் விட்டால் தடம் அவ்வளவாகக் கண்ணில் படாது, வழுக்கலும் குறையும்.

கல்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு கிரானைட்டுக்கு. குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் கலந்த கல் என்பதால் புளியும் எலுமிச்சையும் அதை ஒன்றும் செய்வதில்லை. ஆனாலும் வெளிர் நிறக் கிரானைட்டுகளில் சில எண்ணெயை உறிஞ்சும். சாயம் ஏற்றிய கறுப்புக் கல்லும் சந்தையில் உண்டு. பெயின்ட் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்தால் சாயம் துணியில் வந்துவிடும்.

எதை எடுத்தாலும் ஒரு துண்டு சாம்பிள் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு மூலையில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் நல்லெண்ணெய், ஒன்றில் மஞ்சள் குழைத்த தண்ணீர் விட்டு ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் கழுவி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். இந்த ஒரு ராத்திரியை நான் செலவழிக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

சரி, டைல்ஸுக்கு வருவோம். இங்கே நடக்கும் பெரிய தவறு, ஹாலுக்கு எடுத்த அதே கண்ணாடி மாதிரியான டைல்ஸைச் சமையலறை வரைக்கும் ஓட்டிவிடுவது. பார்க்க வீடு பெரிதாகத் தெரியும், உண்மைதான். ஆனால் தாளிக்கும்போது தெறித்த எண்ணெயும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சேர்ந்த இடத்தில், சூடான சாதப் பானையோடு நடப்பது வயதான அம்மாவாக இருக்கலாம். டைல்ஸ் விவரத்தில் ஆர்9, ஆர்10 என்று போட்டிருந்தால் அது வழுக்கலுக்கான தரம். எண்ணெய் பூசிய சரிவுப் பலகையில் ஆளை நடக்கவிட்டுச் சோதித்துத் தரும் எண் அது. எண் கூடக்கூடப் பிடிப்பு கூடும். சமையலறைக்கு ஆர்10 போதும். அதற்கு மேலே போனால் சொரசொரப்பில் அழுக்கு ஒட்டிக்கொண்டு துடைக்கிறவர் பாடு திண்டாட்டம்.

சுவர் டைல்ஸ் விலை குறைவாக இருக்கிறதே என்று தரையில் போடாதீர்கள். அது பொதுவாக 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சும், குழவி விழுந்தால் தாங்காது. அதிக வெப்பத்தில் கண்ணாடி போல இறுகச் சுட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் உறிஞ்சுவது 0.5 சதவீதத்துக்குள்தான்.

அந்தக் குணமே இன்னொரு தவறுக்குக் காரணமாகிறது. தண்ணீரை உறிஞ்சாத டைல்ஸில் வெறும் சிமென்ட் பால் சரியாகப் பிடிக்காது. பழைய பழக்கத்தில் நாலு மூலையிலும் நடுவிலும் கலவை வைத்து ஒட்டினால் அடியில் வெற்றிடம் நின்றுவிடும். ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் ‘டொக்கு டொக்கு’ என்று கேட்கும். அங்கேதான் பின்னால் விரிசல் விடும். டைல்ஸ் அட்ஹெசிவை (டைல்ஸ் ஒட்டும் பசை) முழுப் பரப்பிலும் பல்கரண்டியால் (விளிம்பில் பற்கள் உள்ள கொத்துக்கரண்டி) இழுத்துப் போடச் சொல்லுங்கள்.

‘ஜாயின்ட் தெரியாமல் போட்டுத் தருகிறேன்’ என்று டைல்ஸ் போடுகிறவர் பெருமையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வெயிலில் விரிவடைய இடம் இல்லாவிட்டால் டைல்ஸ் ஒருநாள் கூடாரம் மாதிரி மேலே எழும்பிவிடும். டைல்ஸுக்கு நடுவே இடைவெளி விடுவதற்கான சிறு துண்டு, 2 முதல் 3 மில்லிமீட்டர் ஸ்பேசர் வைக்கட்டும். அந்த இடைவெளியில் வெள்ளை சிமென்ட் நிரப்பினால் ஆறே மாதத்தில் மஞ்சளும் கறுப்புமாக ஆகிவிடும். அதற்குப் பதில் எபாக்சி கிரவுட் (இடைவெளியை அடைக்கும் பிசின் கலவை) விலை கூடுதல்தான், ஆனால் சமையலறை சின்ன இடம், செலவு தாங்கக்கூடியதே.

வேலை முடிந்ததும் சிமென்ட் திட்டை எடுக்க ஆசிட் ஊற்றிக் கழுவும் வழக்கம் இருக்கிறது. ஆசிட் சிமென்ட் கிரவுட்டைத் தின்றுவிடும். மார்பிள், கடப்பா பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது. திட்டு காய்வதற்குள் ஈரத்துணியால் துடைக்க ஒரு ஆளை நிறுத்துங்கள்.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் பேட்ச் எண்ணும் ஷேடும் ஒன்றா என்று பாருங்கள். வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் சேர்த்தே வாங்குங்கள், இரண்டு வருடம் கழித்துப் போனால் அதே ஷேடு கிடைக்காது. மிச்சத்தில் நாலு டைல்ஸை, எண் அச்சிட்ட அட்டையோடு பரணில் எடுத்து வையுங்கள். பைப் உடைந்து தரையைப் பெயர்க்கும் நாளில் அது வேண்டியிருக்கும்.